டிப்பர் பம்ப் ஐந்து மாதத்தில் இரண்டு தடவை போய்விட்டது: பம்ப் பிழையா, ஒயில் பிழையா?

கொடிகாமத்தான்
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு டிப்பர் இருக்கிறது. கிரவல், சல்லி, கட்டட மணல் எல்லாம் ஏற்றுகிறேன். மாசி மாதம் பெட்டி தூக்கும் ஹைட்ரோலிக் பம்ப் இரையத் தொடங்கியது. காலையில் நன்றாகத் தூக்கும். மத்தியானம் ஒயில் சூடேறியதும் பாதி உயரத்தில் நின்றுவிடும். கராஜில் கழற்றிப் பார்த்து, பம்ப் முடிந்தது என்றார்கள். புதிது போட்டோம், ஒயிலும் முழுவதும் மாற்றினோம். ஆடியில் திரும்பவும் அதே வருத்தம்.

கடைக்காரர் ஒயில் சரியில்லை என்கிறார். கராஜில் பம்ப் டூப்ளிகேட் என்கிறார்கள். யாருடைய கதையை நம்புவது என்று தெரியவில்லை. மூன்றாவது பம்புக்குக் காசு கட்டுவதற்கு முன் உங்களைக் கேட்கிறேன். கியர் பம்ப் (இரண்டு பல்லுச் சக்கரம் சுழன்று ஒயிலைத் தள்ளும் வகை), 80 லீற்றர் தாங்கி, விஜி 68 என்ற தடிப்பு அளவு உள்ள ஒயில். தாங்கிக்குள் உறிஞ்சு குழாயில் ஒரு கம்பிவலை இருக்கிறது. வேறு பில்டர் எதுவும் இல்லை.

சுன்னாகம் பட்டறை
தம்பி, கழற்றிய இரண்டு பம்பையும் எறியாமல் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் இரண்டாவதின் மூடியைத் திறந்து, கியருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் தட்டையான தகடுகளைப் படம் எடுத்துப் போடுங்கள்.

அதோடு, முதல் பம்ப் போனபோது சிலிண்டரையும் ஹோஸையும் கழற்றிக் கழுவினார்களா? புது ஒயிலை எதில் இருந்து, எதால் ஊற்றினார்கள்? தாங்கி மூடி எப்படிப்பட்டது? இவை தெரியாமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கொடிகாமத்தான்
படம் போட்டிருக்கிறேன் அண்ணை. தகட்டில் சுற்றிச் சுற்றிக் கோடு விழுந்திருக்கிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.

சிலிண்டரைத் தொடவில்லை. தாங்கியை வடித்து, துணியால் துடைத்து, புது ஒயில் ஊற்றினார்கள். ஒயில் பரலில் இருந்து வாளியில் எடுத்து, பழைய சாரத் துணியால் வடித்துத்தான் ஊற்றினார்கள். அந்த விசயத்தில் கவனமாகத்தான் இருந்தோம். மூடி சாதாரண மூடி. காற்றுப் போகச் சின்ன ஓட்டை ஒன்று உண்டு.

சுன்னாகம் பட்டறை
படம் பார்த்தேன். அந்தக் கோடு பம்பின் பிழையால் வந்தது இல்லை. மண்ணும் இரும்புத் தூளும் போட்ட கோடு. டூப்ளிகேட் சாமான் சந்தையில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அசல் பம்ப் போட்டிருந்தாலும் இதே ஆடியில் இதே இடத்தில்தான் நின்றிருப்பீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். டிப்பர் சிலிண்டர் ஒருவழிச் சிலிண்டர். ஒயில் ஒரு வாயால் போய்ப் பெட்டியைத் தூக்கும், பாரத்தால் பெட்டி இறங்கும்போது அதே வாயால் திரும்பி வரும். சிலிண்டருக்குள் முழு ஒயிலும் ஒருபோதும் வெளியே வருவதில்லை. பெட்டி முழுதாக இறங்கிய பிறகும் அடியில் கொஞ்சம் தேங்கியே இருக்கும், ஹோஸ் நிறையவும் இருக்கும். முதல் பம்ப் சாகும்போது அது அரைத்த தூள் எல்லாம் எங்கே போனது? பம்பில் இருந்து ஒயில் அடுத்துப் போவது சிலிண்டருக்குத்தான். அங்கே போய்ப் படிந்தது. நீங்கள் தாங்கியை வடித்துப் புது ஒயில் ஊற்றினீர்கள். முதல் தடவை தூக்கி இறக்கியதும் அந்தத் தூள் தாங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது. திரும்பி வரும் பாதையில் பில்டர் இல்லை. உறிஞ்சு குழாயில் இருக்கும் கம்பிவலைக்கு அந்தத் தூள் கண்ணிலேயே படாது. நேராகப் புது பம்புக்குள் போயிற்று.

என்னிடம் வருகிற இரண்டாவது பம்ப்களில் பெரும்பாலானவை இப்படிச் செத்தவைதான். முதல் பம்ப் எதனால் செத்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதை முதலாவதுதான் கொன்றது.

வடலி
அண்ணை சொன்னதற்கு எண்கணக்கு சேர்க்கிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படித்து, இப்போது இயந்திரப் பராமரிப்பில் வேலை செய்கிறேன்.

தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. நம் கண் தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய ஆகச் சிறிய துகள் 40 மைக்ரோன் அளவு. கியர் பம்பில் கியரின் பக்கத்துக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவில் ஒயில் படலம் நிற்கிற இடைவெளி 0.5 முதல் 5 மைக்ரோன்தான். அதாவது பம்பை அரைக்கிற துகளை நீங்கள் ஒருநாளும் கண்ணால் காணப் போவதில்லை. ஒயிலைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்து “தெளிவாகத்தானே இருக்கிறது” என்பது இந்த விசயத்தில் ஒன்றையும் காட்டாது.

உங்கள் தாங்கியில் இருக்கும் கம்பிவலை பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 100 கண் உள்ள வலையாக இருக்கும். அதன் கண் 149 மைக்ரோன், இரண்டு தலைமயிர்த் தடிப்பு. கழன்ற நட்டு, துணித் துண்டு, சீல் (ஒயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) துண்டு போன்றவற்றைப் பிடிக்கும். அதற்குத்தான் அது இருக்கிறது.

சாரத் துணி விசயம் அதைவிட மோசம். பழைய துணி நூல் உதிர்க்கும். அந்த நூல்கள் கம்பிவலையில் படிந்து அடைக்கும், வால்வுக்குள் சிக்கும்.

செம்பாட்டான்
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. புன்னாலைக்கட்டுவனில் எங்கள் வீட்டில் மசி பெர்குசன் 135 உழவு இயந்திரம் இருக்கிறது. அப்பா காலத்து இயந்திரம். செம்பாட்டு மண்ணில் உழுது உழுது, சோளகம் வீசும் மாதங்களில் இயந்திரமே சிவப்பாகிவிடும். அதன் கலப்பை தூக்கும் லிப்ட் பம்பை இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் செய்தோம். மைக்ரோனும் தெரியாது, பில்டரும் தெரியாது. போர் நாளில், பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின வாகனங்கள் எத்தனை? அப்போதெல்லாம் எல்லாவற்றையும் துணியால்தான் வடித்தோம். ஒன்றும் நின்றுவிடவில்லை.

சுன்னாகம் பட்டறை
செம்பாட்டான், நீங்கள் சொல்வது உண்மை, அதற்குக் காரணமும் இருக்கிறது. 135இன் லிப்ட் பம்ப் பின்பக்கக் கூட்டுக்குள், கியர் ஒயிலுக்குள் மூழ்கி இருக்கிறது. நாலு பிஸ்டன் பம்ப், மெதுவாக ஓடும். சிலிண்டரும் அதே கூட்டுக்குள்தான் இருக்கிறது, வெளியே தண்டு நீட்டிப் புழுதியை உள்ளே இழுத்து வருவதில்லை. அந்தக் காலத்து வடிவமைப்பு மன்னித்துவிடும். இந்த டிப்பர் பம்ப் அதைவிட வேகமாகச் சுற்றி, அதிக அழுத்தத்தில் தள்ளுகிறது. அழுத்தம் கூடக் கூட இடைவெளியை இறுக்கமாக வைத்தால்தான் ஒயில் பின்பக்கம் ஒழுகாது. இறுக்கமான இடத்தில் சின்னத் துகளும் கத்திதான்.

தடைக் காலத்துத் துணிப் பழக்கத்தை நானும் மறக்கவில்லை. எனக்குத் தொழில் படிப்பித்தவர் மண்ணெண்ணெயை மூன்று மடிப்புத் துணியில் வடித்துத்தான் கார்புரேட்டருக்கு விடுவார். அதற்கு அது போதும். கார்புரேட்டரின் ஓட்டையும் கியர் பம்பின் இடைவெளியும் ஒன்று இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வயல் உழுத பிறகு உங்கள் 135இன் பின்கூட்டு ஒயில் பால் மாதிரி வெளுக்கிறதா?

செம்பாட்டான்
மாரியில் சேற்று உழவு முடிந்தால் வெளுக்கும். அடியைத் திறந்து கொஞ்சம் விட்டால் தண்ணீர் முதலில் வரும். பிறகு ஒயில் வரும், மூடிவிடுவோம்.

நல்லூரான் ஒஸ்லோ
அதில் கவனம். அடியில் பிரிந்து நிற்கும் தண்ணீரைத்தான் நீங்கள் வெளியே விடுகிறீர்கள். கலந்த தண்ணீர் ஒயிலுக்குள்ளேயே இருக்கிறது. நான் இங்கே கப்பல் ஹைட்ரோலிக் வேலையில் 20 வருடத்துக்கு மேல். சாதாரண ஹைட்ரோலிக் ஒயில் 200, 300 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 200, 300 பங்கு) அளவு தண்ணீரைக் கரைத்து மறைத்து வைத்திருக்கும். பால் நிறம் வந்துவிட்டால் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

சந்தேகம் இருந்தால் தடித்த இரும்புத் தகடு ஒன்றை 150 பாகை அளவுக்குச் சூடாக்கி, ஒரே ஒரு துளி ஒயிலை விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. வெட்டவெளியில், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு துளிக்கு மேல் விடாமல் செய்யுங்கள்.

கொடிகாமத்தானுக்கு இன்னொன்று. புது ஒயில் என்றால் சுத்தமான ஒயில் என்று நினைக்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 4406 என்ற தரத்தில் ஒயிலின் சுத்தத்தை மூன்று எண்களால் சொல்வோம். ஒரு மில்லிலீற்றரில் 4, 6, 14 மைக்ரோனைவிடப் பெரிய துகள்கள் எத்தனை என்பதற்கு ஒவ்வோர் எண். எண் ஒன்று கூடினால் துகள்கள் இரு மடங்கு. 18/16/13 என்றால் 4 மைக்ரோனுக்கு மேற்பட்டவை 1300 முதல் 2500 வரை. பரலில் இருந்து நேரே வரும் ஒயிலின் முதல் எண் 21 என்று நிற்பது சாதாரணம். அது 10,000 முதல் 20,000 வரை. பரலை நிரப்பும் இடம், பரலின் உள்சுவர், ஏற்றி இறக்கும் வழி எல்லாம் அதில் பங்கு போடும். அதனால்தான் நாங்கள் புது ஒயிலைக்கூடப் பில்டர் வழியாகவே தாங்கிக்குள் தள்ளுவோம். வாளியும் புனலும் எங்கள் பட்டறையில் கிடையாது.

பரலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வெயிலில் நிமிர்த்தி வைத்த பரலின் மேல் மழைத் தண்ணீர் தேங்கும். பகல் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும். மாலை மழையில் குளிர்ந்ததும் சுருங்கி, மூடியின் இடுக்கால் அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும் இழுக்கும். வெளியே வைக்கத்தான் வேண்டும் என்றால் படுக்க வையுங்கள். இரண்டு மூடிகளும் மணிக்கூட்டில் 3, 9 இருக்கும் இடங்களில் வரட்டும். அப்போது இரண்டும் உள்ளே ஒயிலில் மூழ்கி இருக்கும்.

மயிலிட்டிக் கரை
ஒஸ்லோ அண்ணை சொன்னது எங்களுக்கு அன்றாடப் பிரச்சினை. படகில் வலை இழுக்கும் வின்ச் ஹைட்ரோலிக். சிலிண்டர் தண்டில் உப்புக் காற்றுப் பட்டுப் புள்ளி புள்ளியாகத் துரு. அந்தப் புள்ளி ஒவ்வொரு தடவையும் சீல் வளையத்தை ராவும். பிறகு சீல் வழியாகக் கடல் தண்ணீரே உள்ளே போகும். தண்டை நன்னீரால் கழுவித் துடைத்து, வேலை இல்லாத நேரம் உள்ளே இழுத்து வைப்பதால் ஓரளவு தப்புகிறோம். பேப்பர் பில்டர் தண்ணீரில் ஊறி உப்பிவிட்டது, இரண்டு தடவை கண்டேன். இப்போது கண்ணாடி நார் பில்டர்தான் போடுகிறோம்.

கொடிகாமத்தான்
இவ்வளவு பேர் எழுதியதற்கு நன்றி. வாசித்ததும் நெஞ்சு கனத்தது. கவனமாகச் செய்தோம் என்று நினைத்ததெல்லாம் பிழையாக இருக்கிறது.

ஒரு யோசனை. 10 மைக்ரோன் பில்டர் ஒன்று வாங்கி, கம்பிவலையைக் கழற்றிவிட்டு, பம்புக்கு முன்னால் உறிஞ்சு குழாயிலேயே போட்டுவிட்டால் என்ன? பம்புக்குள் போகும் ஒயில் எல்லாம் சுத்தமாகத்தானே போகும்?

வடலி
வேண்டாம் அண்ணை! தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒயிலைப் பம்ப் இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் தாங்கிக்கு மேல் இருக்கும் வெளிக்காற்றின் அழுத்தம்தான் ஒயிலைப் பம்புக்குள் தள்ளுகிறது. அது மொத்தமே 1 பார் அளவு. கியர் பம்ப் தயாரிப்பாளர்கள் பொதுவாக உறிஞ்சு பக்கத்தில் 0.2, 0.3 பாருக்கு மேல் இழப்பு வர விடமாட்டார்கள். 10 மைக்ரோன் பில்டர் அங்கே இருந்தால், கொஞ்சம் அடைத்ததும் ஒயில் போதாமல் பம்ப் வெறுமையாகும். ஒயிலுக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகி, அழுத்தப் பக்கம் போனதும் வெடித்து உலோகத்தைக் கிள்ளி எடுக்கும். கேவிட்டேஷன் என்று சொல்வது இதைத்தான். கீச்சென்ற தொடர் இரைச்சல் கேட்கும். தூசியால் சாகாத பம்ப் பசியால் சாகும்.

திரும்பி வரும் குழாயில் போடுங்கள். அங்கே ஒயிலைத் தள்ள அழுத்தம் இருக்கிறது. சிலிண்டரில் இருந்து வருவதெல்லாம் தாங்கிக்குள் விழுமுன் பிடிபடும்.

சுன்னாகம் பட்டறை
தங்கச்சி சொன்னது சரி. நான் கம்பிவலையையும் கழற்றச் சொல்கிற ஆள். தாங்கியின் அடியில் கிடப்பதால் ஒருவரும் அதைக் கழுவுவதில்லை, அடைத்த பிறகுதான் நினைவு வரும்.

நல்லூரான் ஒஸ்லோ
கம்பிவலை விசயத்தில் நான் வேறு பக்கம். டிப்பர் தாங்கிக்குள் துணித் துண்டும் பிளாஸ்ரிக் மூடியும் கண்டிருக்கிறேன். கழற்றிக் கழுவ வசதியான இடத்தில், பெரிய அளவில் இருந்தால் வலை இருக்கட்டும். தாங்கியைத் திறக்காமல் எட்ட முடியாது என்றால் அண்ணை சொன்னதுபோலக் கழற்றுவது நல்லது.

திரும்பு பில்டரின் அளவில் ஒரு பொறி இருக்கிறது. பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் தள்ளுகிறது என்று பார்த்து வாங்காதீர்கள். பெட்டி இறங்கும்போது பாரம் தள்ளுவதால் பம்ப் தள்ளுவதைவிட வேகமாக ஒயில் திரும்பி வரலாம். பில்டர் சின்னதாக இருந்தால் உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு ஒவ்வொரு இறக்கத்திலும் திறந்து, வடிக்காத ஒயிலையே தாங்கிக்கு விடும். பில்டர் இருக்கிறது என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும்.

பில்டர் வரும் அட்டைப் பெட்டியில் 10 மைக்ரோன் என்று எழுதி இருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பீட்டா எண் கேளுங்கள். 10 மைக்ரோனுக்குப் பீட்டா 2 என்றால், அந்த அளவுத் துகள் இரண்டு வந்தால் ஒன்று தாண்டிப் போகும். பீட்டா 200 என்றால் 200க்கு ஒன்றுதான் தாண்டும். இரண்டிலும் 10 மைக்ரோன் என்றுதான் அச்சடித்திருப்பார்கள். கடைக்காரரிடம் பீட்டா எண் இல்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

வடலி
தாங்கி மூடியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய விசயம்.

உங்கள் சிலிண்டர் முழுதாக நீள 40 லீற்றர் ஒயில் பிடிக்கிறது என்று வைப்போம். பெட்டியைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் தாங்கியில் 40 லீற்றர் குறையும். அந்த இடத்துக்கு 40 லீற்றர் காற்று மூடி ஓட்டையால் உள்ளே போகும். ஒரு நாளைக்கு எட்டு லோட் என்றால் 320 லீற்றர். எந்தக் காற்று? கிரவல் கொட்டுகிற நேரத்துக் காற்று. பெட்டி உயர்ந்து, புழுதி மேலெழும்பி, டிரைவரே கண்ணை மூடிக்கொள்கிற அந்த நிமிடத்தில்தான் உங்கள் தாங்கி மூச்சு இழுக்கிறது.

அந்தப் புழுதியிலும் வித்தியாசம் உண்டு. நம் சுண்ணாம்புக் கல்லின் தூள் மென்மையானது, மோஸ் கடினத்தன்மை அளவில் 3. மணல் குவார்ட்ஸ், அது 7. சல்லித்தூள் வால்வுகளில் படிந்து சிக்க வைக்கும். மணல் தூள் தகட்டைக் கீறும். நீங்கள் இரண்டையும் ஏற்றுகிறீர்கள். 3 மைக்ரோன் பிறீதர் ஒன்று, அதாவது உள்ளே போகும் காற்றை வடிக்கும் பில்டர், அந்த மூடியின் இடத்தில் போடுங்கள். நிமிடத்துக்கு எவ்வளவு காற்று விடும் என்று பார்த்து, பம்பின் அளவுக்கு மேலாக வாங்குங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ளதாக இருந்தால் மாரிக்கும் நல்லது.

செம்பாட்டான்
320 லீற்றர் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. நாளைக்கே 135இன் பின்கூட்டு மூடியைப் பார்க்கிறேன். ஒயிலையும் முழுவதும் மாற்றப் போகிறேன்.

பழைய ஒயிலை எங்கே கொட்டுவது? முன்பு வேலி ஓரத்தில் விடுவோம், கறையான் வராது என்று.

சுன்னாகம் பட்டறை
மண்ணில் விடவே கூடாது. நான் சுன்னாகத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்து ஊரே பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்தது. நமக்கு வற்றாத ஆறு இல்லை. கீழே இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக் கல். மேலே விட்டது கிணற்றுக்குப் போகும். மூடி உள்ள கானில் சேர்த்து வையுங்கள். எங்கள் பட்டறையில் பரல் வைத்திருக்கிறோம், கழிவு ஒயில் எடுப்பவர்கள் வந்து ஏற்றிப் போவார்கள். உங்களுடையதையும் கொண்டு வாருங்கள்.

கொடிகாமத்தான்
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்னபடி செய்தோம். அண்ணையின் பட்டறைக்கே வண்டியைக் கொண்டு போனேன்.

சிலிண்டரைக் கழற்றி நிமிர்த்தி அடியைத் திறந்தோம். முதலில் கறுப்பு ஒயில் வந்தது. பிறகு கையளவு சேறு. அண்ணை அதில் காந்தத்தை விட்டார், கொஞ்சம் ஒட்டியது. மீதி ஒட்டவே இல்லை. விரலில் தேய்த்தால் வெள்ளி மினுக்கம். பம்பின் அலுமினிய உடம்பை கியர் செதுக்கிய தூள் அது என்றார். இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தத் தக்கை சுத்தமாக இருக்கிறது என்று அதுவரை நான் ஆறுதலாக இருந்தேன். அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஹோஸ் இரண்டும் புதிது. தாங்கியைக் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்தோம். திரும்பு குழாயில் 10 மைக்ரோன், பீட்டா 200 பில்டர், பெரிய அளவு. அடைப்புக் காட்டும் முள்ளும் உண்டு. பிறீதர் போட்டாயிற்று. புது ஒயிலைச் சின்ன மோட்டார் பம்ப் வைத்துப் பில்டர் வழியாகத் தள்ளினோம். பம்பையும் மாற்றினோம். அதன் பிறகு வெறும் பெட்டியை இருபது தடவை தூக்கி இறக்கி, அந்தப் பில்டரை எறிந்து புதிது போட்டோம்.

இப்போது மத்தியானத்திலும் முழு லோட் தூக்குகிறது. சத்தம் இல்லை. ஆனால் நேற்று பெட்டி இறங்குவது கொஞ்சம் மெதுவாகத் தெரிந்தது. இது ஏன்?

நல்லூரான் ஒஸ்லோ
அடைப்பு முள் எங்கே நிற்கிறது?

கொடிகாமத்தான்
பெட்டி இறங்கும்போது மஞ்சளைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது.

சுன்னாகம் பட்டறை
நல்ல செய்தி. சிலிண்டரின் உள் அடுக்குகளில் ஒட்டி இருந்த மீதி இப்போது கழன்று வருகிறது. பில்டர் பிடிக்கிறது. சிவப்புக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பில்டர் கூட்டுக்குள் தேங்கி இருக்கும் ஒயிலைத் தாங்கிக்குத் திருப்பி ஊற்றாமல் கழிவுப் பரலில் விடுங்கள். இன்னும் ஒன்று, இரண்டு பில்டர் இப்படிப் போகும். பிறகு முள் அசையாது.

கழற்றியதை எறிய வேண்டாம், கொண்டு வாருங்கள். ஹக்சோவால் வெட்டக் கூடாது, வாளின் தூளே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும். குழாய் வெட்டுகிற கட்டர் வைத்துச் சுற்றிவர வெட்டி, மடிப்புகளை விரித்து, வெள்ளைத் தாளில் தட்டிப் பார்ப்போம். மினுக்கம் முன்னதைவிடக் குறைந்திருந்தால் இந்தப் பம்ப் பிழைத்துவிட்டது.

மயிலிட்டிக் கரை
எந்த நாள் வெட்டுகிறீர்கள்? எங்கள் வின்ச் பில்டரையும் கொண்டு வருகிறேன்.

சுன்னாகம் பட்டறை
சனிக்கிழமை, எட்டு மணிக்கு.